புல்தரையில் தண்ணீர் தேங்குகிறதா? மண் கொட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலம் பக்கம். வாசலுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் இருபதுக்கு இருபத்தைந்து அடியில் ஒரு புல்தரை. அதில் கிழக்கு மூலையில் ஒரு கயிற்றுக்கட்டில் போடும் அளவு இடம் மட்டும் ஐப்பசி பிறந்ததும் சதசதவென்று ஆகிவிடும். மழை விட்டு நான்கு நாள் ஆனாலும் கால் வைத்தால் சளக்கென்று உள்ளே போகும், செருப்பை இழுத்தால் வார் அறுந்து கையோடு வரும்.

முதல் வருடம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பள்ளம்தானே, அரை லோடு செம்மண் கொட்டி மேடாக்கினால் சரியாகிவிடும் என்று கொட்டினேன். மூலை மேடானது, தண்ணீர் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு வேலைக்கு வந்த மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவணும்னு பாக்காம மண்ண கொட்டினீங்கன்னா அது வேற எடத்துல போய் குந்திக்கும் சார்" என்றார். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. இனி எழுதப்போவது அந்த வரிசையில்தான்.

காலக்கணக்கை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் வெட்ட வேண்டும். ஆடி, ஆவணியில் புல் பதிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரமண்ணில் ஆள் விட்டு வெட்டினால் மிதிபட்டு மண் இன்னும் இறுகும், இருந்த கொஞ்சநஞ்ச வடிகாலும் அடைந்துபோகும்.

மழையில் குடை பிடித்துக்கொண்டு நில்லுங்கள்

நல்ல மழை பெய்யும்போது பத்து நிமிடம் வெளியே நின்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரு கைப்பிடி உமியோ காய்ந்த வேப்பிலையோ எடுத்துத் தண்ணீரில் அங்கங்கே தூவுங்கள். அது எங்கிருந்து எங்கே மிதந்து போகிறது, எங்கே சுற்றிச் சுற்றி நிற்கிறது என்று பார்த்தால் போதும், தரையின் வாட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். வெறும் கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையில் எங்கள் வீட்டில் உமி நேராக மூலைக்கு ஓடியது.

அப்போதே மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்களையும் பாருங்கள், பாதி வீடுகளில் வில்லன் அதுதான். கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர், 5 சென்டிமீட்டர் மழைக்கு அங்கிருந்து மட்டும் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். அதை ஒரே குழாயில் புல்தரை ஓரத்தில் விட்டுவிட்டு, பிறகு தரை ஈரமாக இருக்கிறதே என்று வருத்தப்படுகிறோம். ஐந்து சென்டிமீட்டர் நம் பக்கத்துக்குச் சாதாரண மழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளுக்கு எந்த வடிகாலும் ஈடுகொடுக்காது, அதற்காகத் திட்டம் போடவும் வேண்டாம். வழக்கமான மழை விட்டு ஒரு நாளில் தரை கால் வைக்கிற மாதிரி ஆனால் அதுவே வெற்றி.

சித்திரை வெயிலிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால் கதையே வேறு, அது மழைத்தண்ணீர் இல்லை. ஏசி தண்ணீர் சொட்டும் குழாய், ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீர், துணி துவைக்கும் தண்ணீர் எல்லாம் எங்கே போகின்றன என்று பாருங்கள். ஆர்ஓ ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே விடும், அதுவும் உப்பைச் சேர்த்துக்கொண்டு. இதெல்லாம் இல்லை என்றால் குழாய்க் கசிவு. இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியிலும் கீழ்த்தொட்டியிலும் தண்ணீர் மட்டத்தைக் கரியால் குறித்துவைத்து, மோட்டார் போடாமல் விட்டுக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஒரே ஓர் இடத்தில் புல் கன்னங்கரேலென்று பச்சையாகத் திமிறி வளர்ந்து, மண்ணில் நாற்றமும் அடித்தால் செப்டிக் டேங்க் பக்கம் சந்தேகப்படுங்கள்.

ஒரு குழி போட்டால் பாதி விஷயம் தெரியும்

ஈரமான இடத்தில் ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். ஆட்களை வைத்துப் பெரிதாக வெட்டும் முன் இதை நீங்களே உங்கள் கையால் செய்வது நல்லது, ஏனென்றால் மண்வெட்டி எங்கே சுலபமாக இறங்குகிறது, எங்கே டங்கென்று நிற்கிறது என்பதுதான் செய்தியே. எங்கள் வீட்டில் முதல் நான்கு அங்குலம் புல்லோடு வந்த செம்மண், அடுத்த ஐந்து அங்குலம் வீடு கட்டியபோது மேலே நிரவிவிட்ட இடிபாடு: செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கலவை, ஒரு டைல்ஸ் மூலை, முழுசாக ஒரு குட்கா பாக்கெட் கூட. சித்தாள்கள் நடந்தும் லாரி ஏறியும் அது ஒரு தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே நல்ல வண்டல். அதாவது தண்ணீரைக் குடிக்கிற மண் கீழே இருக்கிறது, நடுவில் ஒரு மூடி.

குழியின் பக்கச்சுவரில் மண் சாம்பல் நிறமாக, லேசாக நீலம் பாய்ந்து, அழுகின முட்டை வாடை அடித்தால் அங்கே ரொம்ப நாளாகக் காற்றே போகவில்லை. அந்த மண்ணில் புல் மஞ்சளாவது சத்துக் குறைவால் இல்லை, வேர் மூச்சுத் திணறுவதால். யூரியா போடாதீர்கள். நான் போட்டேன், கோரைதான் செழித்தது.

நம் பகுதியில் மண் ஊருக்கு ஊர் இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். கேப்பர் மலைப் பக்கமும், லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கமும் செம்மண் மேடு. கெடிலம், தென்பெண்ணை ஓரங்களில் வண்டலும் களியும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் வெறும் மணல். அதனால் அடுத்த ஊர்க்காரர் செய்த வைத்தியத்தை அப்படியே செய்யாதீர்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி மறுநாள் வரை கலங்கலாகவே நிற்கும். ஜாடியில் மூன்று கோடு தெரியும், எது தடிமனோ அதுதான் உங்கள் மண்.

அப்புறம் அதே குழியில் தண்ணீர் நிரப்புங்கள். முதல் முறை வடிவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், காய்ந்த மண் சும்மாவே உறிஞ்சும். வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மண் நல்ல மண், பிரச்சினை மேலே வாட்டத்தில். அரை அங்குலம் கூட இறங்கவில்லை என்றால் வடிகால் வெட்டாமல் தீராது. இரண்டுக்கும் நடுவில் என்றால் துளையிட்டுச் சமாளிக்கலாம்.

இன்னொன்றும் நடக்கலாம்: மழைக்காலத்தில் குழி தோண்டும்போதே அடியிலிருந்து தண்ணீர் ஊறி வரும். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் இது சகஜம், நிலத்தடி நீர் அவ்வளவு மேலே ஏறியிருக்கிறது. அங்கே உறிஞ்சு குழி, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிடும் ஜல்லிக் குழி, வெட்டுவது நிரம்பிய டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றுவது போல. அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடைசியில் வேறு வழி சொல்கிறேன்.

முதலில் காசில்லாத வேலைகள்

மாடிக் குழாயைத் திருப்புங்கள். ஒரு வளைவு, பத்தடி பைப், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தண்ணீரைப் புல்லில் விடாமல் மழைநீர் சேகரிப்புக் குழிக்கே கொண்டுபோங்கள். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது கட்டிய குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன, கூழாங்கல்லை எடுத்துக் கழுவிப் போட்டாலே மறுபடி வேலை செய்யும். எங்கள் வீட்டில் இந்த ஒன்றிலேயே தேக்கம் பாதியாகக் குறைந்தது. பல பேருக்கு இதோடு முடிந்துவிடும், மேலே படிக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது துளை போடுவது. கடப்பாரையால் குத்தினால் துளை விழும், ஆனால் சுற்றியுள்ள மண் நசுங்கி இறுகும். மண்ணை வெளியே எடுக்க வேண்டும். முக்கால் அங்குல ஜிஐ பைப் இரண்டடி வெட்டி வாங்கி, ஒரு முனையை வெல்டிங் கடையில் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள். அதை நான்கைந்து அங்குலம் அடித்து இறக்கி, திருகி எடுத்தால் உள்ளே சுண்டுவிரல் பருமனில் மண் அச்சு வரும், குச்சியால் தள்ளிவிட்டு அடுத்த துளை. அரை அடிக்கு ஒன்று. மண் லேசாக ஈரமாக இருக்கும்போது செய்யுங்கள், சேறாக இருந்தால் பைப்பில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், காய்ந்து போனால் இறங்கவே இறங்காது. பிறகு மணலும் நன்றாக மக்கிய எருவும் சரிபாதி கலந்து மேலே தூவித் துடைப்பத்தால் துளைக்குள் பெருக்கிவிடுங்கள்.

களிமண்ணில் நாலு சட்டி மணலைக் கொட்டிக் கொத்திவிட்டால் இளகிவிடும் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகும், மண்ணின் குணம் மாற வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணல் போட வேண்டியிருக்கும். களிக்கு மருந்து எருதான். தென்னை நார்க்கழிவையும் அளவாக வையுங்கள், அது தண்ணீரைப் பிடித்துவைக்கும் சரக்கு, நமக்கு இங்கே தேவை அதற்கு நேர்மாறு. ஜிப்சம் பற்றியும் கேட்பார்கள். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) போடுகிறோமே, அதே ஜிப்சம்தான். களர் பாய்ந்த, அதாவது சோடியம் மிகுந்த மண்ணில் அது நிஜமாகவே வேலை செய்யும், சாதாரணக் களியில் போட்டால் வெள்ளைப் பொடி செலவு, அவ்வளவுதான். மண் பரிசோதனையில் களர் என்று வந்தால் மட்டும் போடுங்கள்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூரில் ஏறிய வீடுகளில் இன்னொரு தொல்லையைப் பார்த்தேன். வெள்ளம் வடிந்தபின் புல்மேல் வழவழவென்று வண்டல் படிந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி வெடித்து நின்றது. அதன்மேல் புல் முளைத்துவிடுகிறது என்று அப்படியே விட்டவர்களுக்கு அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அந்த மாதிரிப் படிவை அரைகுறையாகக் காயும்போதே வழித்து எடுத்துவிட வேண்டும்.

பள்ளம் இரண்டு அங்குலத்துக்குள் என்றால் அரை அங்குலம் அரை அங்குலமாக மணல் கலவை போட்டு மேலே கொண்டுவரலாம். ஒவ்வொரு முறையும் புல்நுனி வெளியே தெரிய வேண்டும். அதைவிட ஆழமென்றால் புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்து வைத்து, அடியில் நிரப்பி, தட்டி, மறுபடி வைக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து முதல் பத்தடிக்கு அரை அடி இறக்கம் இருந்தால் அஸ்திவாரத்துக்கும் நல்லது. மண் கொட்டலாம் என்று நான் ஒத்துக்கொள்வது இந்த இடத்தில் மட்டும்தான்.

கல் வாய்க்கால் வெட்டுவது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் நிற்கிறது என்றால் பூமிக்கடியில் ஒரு வாய்க்கால். வெட்டும் முன் ஈபி கேபிள், தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை இணைப்பு எங்கே போகின்றன என்று வீடு கட்டியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைவாய், அதாவது தண்ணீர் வெளியேறும் முனை, எங்கே என்று முடிவு செய்ய வேண்டும், பிறகுதான் தோண்டுவது. தேங்கும் மூலையிலிருந்து கடைவாய் வரை நூல் கட்டி, கொத்தனார் வைத்திருக்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும், அதாவது இருபது அடி வாய்க்காலுக்கு இரண்டரை அங்குல இறக்கம். கண் மட்டத்தை நம்பி வெட்டி, நடுவில் தொப்பை விழுந்து, அங்கே தண்ணீர் நின்றுபோன வாய்க்கால்களைப் பார்த்திருக்கிறேன்.

அகலம் ஓர் அடி, ஆழம் ஒன்றரை அடி. எடுக்கும் மண்ணைப் புல்மேல் கொட்டாமல் தார்ப்பாய் விரித்து அதில் கொட்டுங்கள். வாய்க்கால் முழுக்க ஜியோ துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிகட்டித் துணி) இரண்டு பக்கமும் மேலே வழிந்து தொங்குமாறு விரியுங்கள். சிமென்ட் சாக்கை வெட்டிப் போடுவது, பச்சை நிழல்வலை போடுவது என்று சிலர் மிச்சம் பிடிப்பார்கள். சாக்கு அடைத்துக்கொள்ளும், வலை மண்ணை உள்ளே விடும், இரண்டு மழைக்காலம் தாங்காது. துணிமேல் இரண்டு அங்குலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் துளை போட்ட நாலு அங்குல பிவிசி பைப், துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க. இது பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும், எங்கள் பிளம்பர் கூடத் துளை மேலே பார்க்கத்தான் வைக்கப் போனார். தண்ணீர் ஜல்லியில் கீழிருந்துதான் நிரம்பி ஏறும், துளை கீழே இருந்தால் அப்போதே பைப்புக்குள் நுழைந்து ஓடிவிடும், மேலே இருந்தால் வாய்க்கால் பாதி நிரம்பும்வரை காத்திருக்கும்.

பைப்பின் மேல்முனையை ஒரு வளைவு வைத்துத் தரைக்கு மேலே கொண்டுவந்து மூடி போடுங்கள். நாளைக்கு அடைத்தால் அங்கே ஹோஸ் விட்டுக் கழுவலாம். மறுபடி ஜல்லி, தரைக்கு நாலு அங்குலம் குறையும் வரை. ஜல்லி கழுவியதாக இருக்கட்டும், பவுடரோடு வரும் ஜல்லி முதல் மழையிலேயே துணியை அடைக்கும். இருபது அடிக்குக் கால் யூனிட் (25 கன அடி) ஜல்லி சரியாக இருக்கும். துணியை மடித்து மூடி, மேலே மணல் கலந்த மண், பிறகு புல். துணியை மூடும் முன் ஒரு குடம் தண்ணீரை மேல்முனையில் ஊற்றிக் கடைவாயில் வருகிறதா என்று பாருங்கள். தென்னை பக்கத்தில் இருந்தால் பத்தடியாவது தள்ளிப் போங்கள், அதன் வேர் பைப்புக்குள் புகுந்து நார்க்கட்டாகிவிடும்.

தண்ணீர் எங்கே போவது?

தெருவில் மழைநீர் வாய்க்கால் உங்கள் தரையைவிடத் தாழ்வாக இருந்தால் அதிர்ஷ்டசாலி, காம்பவுண்ட் சுவரில் துளையிட்டு விட்டுவிடலாம். சுவரின் அடியில் ஓடும் கான்கிரீட் பீமையும் கவனியுங்கள், அது பூமிக்குள் ஓர் அணை மாதிரி தண்ணீரைத் தடுக்கும். பாதாளச் சாக்கடையில் மழைநீரை விடாதீர்கள், அது எங்கோ ஒரு வீட்டுக் கழிவறையில் எதிர்த்துக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுப் பக்கமும் திருப்பாதீர்கள், அது நியாயமும் இல்லை, பத்து வருடப் பகையும் கூட.

ஆனால் நம் ஊரில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீடு பள்ளத்தில் போய்விட்டது. சுவரில் துளை போட்டால் தெருத்தண்ணீர்தான் உள்ளே வரும். அங்கே உறிஞ்சு குழி: சோதனைக் குழியில் நல்ல மண் எந்த ஆழத்தில் வந்ததோ அதையும் தாண்டி, மூன்றடிக்கு மூன்றடி, நாலைந்து அடி ஆழம், ஒன்றரை அங்குல ஜல்லியோ உடைசெங்கலோ நிரப்பி, வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி. எங்கள் வீட்டில் அந்த இடிபாட்டு மூடியைத் தாண்டியதும் வண்டல் என்பதால் இதுவே போதுமானது.

நிலத்தடி நீர் மேலே நிற்கும் வீடுகளுக்கும், புதுச்சேரி ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போலத் தெருவே குளமாகும் இடங்களுக்கும் உறிஞ்சு குழி உதவாது. மூன்றடி விட்டத்தில் சிமென்ட் உறை மூன்று இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டு ஒரு சேகரிப்புத் தொட்டி. ஓர் அடி உயர உறை ஒன்று சுமார் 200 லிட்டர் பிடிக்கும். கல் வாய்க்காலை அதில் விட்டு, மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மூழ்கு மோட்டார் மூலம் தெரு வாய்க்காலுக்கு மேலேற்றி விடலாம். வயரிங்கில் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம், மூடி கனமான சிலாபாக இருக்க வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமரசமே கிடையாது. கரண்ட் போனால் மோட்டாரும் போகும், புயலன்று அதுதான் நடக்கும், இன்வெர்ட்டரில் சேர்க்க முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

இவ்வளவு செலவு எதற்கு என்று தோன்றினால் அந்த மூலையில் புல்லே வேண்டாமே. கல்வாழை, சேம்பு, வல்லாரை எல்லாம் ஈரத்தைக் கொண்டாடும். நம் மாவட்டக் கடலோர மணலில் பயிராகும் வெட்டிவேர் தண்ணீர் நின்றாலும் சாகாது, வெயிலிலும் சாகாது. தண்ணீர் மட்டும் ஒரு வாரம் வெளிப்படையாக நிற்க விடாதீர்கள், கொசு முட்டையிலிருந்து பறக்க அவ்வளவு நாள் போதும்.

புல் பதிக்கும்போது

ஈரமான இடத்தில் கொரியன் புல் சீக்கிரம் அழுகுகிறது என்பது என் அனுபவம், அருகு வகையோ பஃபலோ புல்லோ தாங்குகிறது. நர்சரியில் தரும் புல் அட்டைகள் பிசுபிசுவென்ற களிமண்ணோடு வரும். அதை மணல்மேல் அப்படியே வைத்தால் அந்த ஒரு அங்குலக் களி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே விடாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அடிமண்ணை முடிந்தவரை உதிர்த்து, வேர் தெரிய வையுங்கள். முதல் மழைக்காலம் முடியும்வரை அந்தப் பக்கம் யாரும் நடக்காமல் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள், ஈரத்தில் புல் வெட்டும் மெஷினும் ஏற்ற வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் கடைவாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுத்து, மேல்முனை மூடியைத் திறந்து ஹோஸ் விட்டுப் பாருங்கள். போன வருடம் என் கடைவாயில் ஒரு தேரை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, இப்போது அங்கே ஒரு கம்பிவலை கட்டியிருக்கிறேன்.